இப்போ வாட்ச் யார் கையில கீது?

ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் அறிவுரை கேட்டதில்லை. கேட்காமலேயே கொடுத்துவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு என்பதால் அந்த அவசியம் யாருக்கும் வரவில்லை. அதனால் போன மாதம் எங்கள் பழைய கம்பெனியிலிருந்து தீபிகா என்ற பெண் போன் செய்து, "மேடம், உங்க உதவி தேவைப்படுது" என்றதும், முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். போனில் முந்தானை தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

"இனிமே பேஷண்டுங்களுக்கு மெஷின்தான் மேடம் போன் பண்ணப் போகுது. பழைய ரெக்கார்டிங் எல்லாம் போட்டுக் கேட்டோம். நீங்க திட்டினா மட்டும் ஜனங்க உடனே வாட்சை எடுத்து மாட்டிக்கிறாங்க. உங்க குரலையே மெஷினுக்குக் கொடுத்துடலாமான்னு கேக்கத்தான் பண்ணேன்."

வாழ்க்கையில் பாதிக்கு மேல் நர்சாக இருந்தவள் நான். பிரசவம் பார்த்திருக்கிறேன், தையல் போட்டிருக்கிறேன், ஓடுகிற குழந்தையைப் பிடித்து ஊசி போட்டிருக்கிறேன். கடைசியில் உலகத்துக்குத் தேவைப்பட்டது என் திட்டு மட்டும்தான். சரி என்று சொன்னேன். சந்தோஷமாகவே சொன்னேன்.

"இன்னொண்ணு மேடம். நீங்க பேசுறதுல முதல் கேள்வி, 'இப்போ வாட்ச் யார் கையில கீது?'ன்னு வருது. பேஷண்ட் பேர்தான் ஸ்கிரீன்லயே இருக்கே. அந்த ஒரு வரியை எடுத்துடலாமா?"

"அதை எடுத்தா என் குரலையும் எடுத்துடும்மா" என்றேன். அந்தப் பெண் பயந்துவிட்டாள். ஏன் மேடம் என்று கேட்டாள். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், அவளிடம் விட்டுப்போனதையும் சேர்த்து.

உத்திரமேரூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நடத்திய டாக்டர் வயதாகி, மகளோடு இருக்க வெளிநாடு போய்விட்டார். ஐம்பதைத் தாண்டிய நர்சை யார் சேர்த்துக்கொள்வார்கள்? வீட்டில் உட்கார்ந்து என் கணவரைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னிடமிருந்து தப்பிக்க அவரே ஒரு நாள் விளம்பரத் தாளோடு வந்தார். "பஸ் ஸ்டாண்டாண்ட உரக்கடை மாடியில ஏதோ கம்பெனியாம். நர்ஸு வேணுமாம். போயேன்" என்றார்.

போனேன். நாலு கம்ப்யூட்டர், நாலு பிள்ளைகள். எல்லாரும் நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி வாங்கக்கூட வசதியில்லை போலிருக்கிறது என்று பாவமாக இருந்தது. எங்கள் சர்ச்சில் பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது, பாஸ்டரிடம் கேட்டு எடுத்துவரட்டுமா என்று கேட்டேன். தினமும் காலையில் நின்றுகொண்டே கூட்டம் போடுவதுதான் இந்த மாதிரி கம்பெனிகளின் வழக்கம் என்று சொன்னார்கள். நின்றால் சீக்கிரம் முடிப்பார்களாம். என் முட்டி வலி தாங்காமல் நான் ஒருத்தியே அதைச் சீக்கிரம் முடிக்கவைத்தேன். கம்பெனிக்கு நான் செய்த முதல் நன்மை அதுதான்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மவுஸைப் பிடித்து நகர்த்தச் சொன்னார்கள். மேஜை முடிகிற இடம் வரைக்கும் நகர்த்தி, அதற்கு மேல் எப்படி என்று கேட்டேன். தூக்கி மறுபடி வைக்கலாம் என்று ஒரு பையன் சிரிக்காமல் சொல்லிக்கொடுத்தான். சிரிக்காமல் இருந்ததற்காக அவன் கல்யாணத்துக்கு நான் மோதிரம் போட்டேன்.

வேலை இதுதான். சுற்றுவட்டாரக் கிராமங்களில் இதயக் கோளாறு உள்ள வயதானவர்களுக்குக் கம்பெனி கையில் கட்டுகிற ஒரு கருவி கொடுத்திருந்தது. அதில் மணி தெரியாது. ஆனாலும் எல்லாருக்கும் அது வாட்ச்தான். அடியில் பச்சை விளக்கு எரிந்து நாடியைப் பார்க்கும். பார்த்தது எங்கள் திரைக்கு வரும். பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி என்றால் நலம். சாம்பல் என்றால் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டார் என்று அர்த்தம். போன் செய்து மாட்டச் சொல்ல வேண்டும். சிவப்பு என்றால் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது. உடனே போன். உட்காரச் சொல்லி, நெஞ்சு வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால் டாக்டருக்கும் ஆம்புலன்ஸுக்கும் சொல்ல வேண்டும். இல்லை என்றால் காரணத்தைத் தேர்ந்தெடுத்து மூடிவிடலாம். 'வாட்ச் தளர்வு', 'வேகமாக நடந்தார்', 'கோபம்' என்று காரணங்கள் வரிசையாக இருக்கும். 'கோபம்' நான் கேட்டுச் சேர்த்தது. நான் போன் செய்த பிறகு பலருக்கு அதுதான் காரணமாக இருந்தது.

சாம்பல் புள்ளியை ஒழிப்பதில் எனக்கு நிகர் யாரும் இல்லை. "கயட்டி வச்சா எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீறீங்களா? இங்க குந்திக்கினு எல்லாத்தையும் பாத்துக்கினுதான் கீறேன்" என்று ஆரம்பித்தால் முடிப்பதற்குள் புள்ளி பச்சையாகிவிடும். என் போட்டோவைச் சுவரில் மாட்டி, கீழே நட்சத்திரம் ஒட்டினார்கள். நான் அதை செல்போனில் படம் எடுத்து உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன். என் கணவர் மட்டும், "வூட்ல இத்தினி வருஷமா எனுக்கு ஒரு ஸ்டாரும் ஒட்டலியே, கேட்டுக்கினு இருந்ததுக்கு" என்றார்.

கம்பெனியை ஆரம்பித்தவர் பெயர் கார்த்திக். சென்னைப் பிள்ளை, என் மூத்த மகன் வயது. ஓனர் என்று சொன்னால் பிடிக்காது. எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பார். என்னை "எஸ்தர்" என்றே கூப்பிட்டார். என் கணவர்கூட இதுவரை என்னை "இந்தா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். முதல் வாரம் யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்ப்பேன். 'சார்' கூடாது, 'தம்பி' கூடாது, பெயர் சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கம்பெனியில் இருந்த காலம் முழுக்க அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்தேன். முன்னால் போய் நின்று தொண்டையைக் கனைப்பேன்.

எங்கள் பழைய டாக்டருக்குக் கோபம் வந்தால் டிரே பறக்கும். அது எனக்குப் பழகியிருந்தது. கார்த்திக் கோபப்படவே மாட்டார். தப்பு நடந்தால் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அப்போ அந்த பேஷண்ட் என்ன பண்ணிட்டிருந்தார்?" என்று கேட்பார். சொன்னால் "அப்புறம்?" என்பார். அதற்கும் சொன்னால் மறுபடி "அப்புறம்?" டிரே பறந்தால் குனிந்துகொள்ளலாம். இதற்கு எங்கே குனிவது? பதில் தெரியாத கேள்வியைப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்த ஜன்னல் கண்ணாடியில் மார்க்கரால் எழுதிவைப்பார். ஒரு தடவை 'ஏன் பாதியில் விட்டுப் போகிறார்கள்?' என்று எழுதியிருந்தார். மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்களைப் பற்றிய கேள்வி. வெளியிலிருந்து எழுத்து இடவலம் மாறித் தெரிந்தும் எப்படியோ படித்துவிட்டார்கள். கீழே உரக்கடைக்காரர் படியேறி வந்து, "இன்னா சார், ஏவாரம் பண்ற எடத்துல இப்டி எய்தி வச்சா எவன் வருவான்" என்று சண்டை போட்டார்.

இனி துரைக்கண்ணு கதைக்கு வருகிறேன்.

துரைக்கண்ணு திருப்புலிவனம் பக்கம் விவசாயி. எழுபது வயது. துடிப்பு சீராக இல்லாத இதயம். வாட்ச் கட்டிய கொஞ்ச நாளிலேயே திரையில் அவருடைய துடிப்புக் கோடு அப்படி ஒரு ஒழுங்குக்கு வந்தது. பார்க்கிற டாக்டரே மாத்திரையைக் குறைக்கலாமா என்று யோசித்தார். துரைக்கண்ணுவைக் கேட்டால், "எல்லாம் கேவுரு கூயிதாம்மா" என்று கேழ்வரகைப் புகழ்வார். எங்கள் கம்பெனியால்தான் இந்த மாற்றம் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே நம்பினேன், என் திட்டால்தான் என்று. பெங்களூரிலிருந்து முதலீடு செய்கிற பெரிய ஆட்கள் வரப்போவதாக இருந்தது. அவர்களுக்குக் காட்ட கார்த்திக் துரைக்கண்ணுவின் கோட்டைப் பெரிதாக்கி வண்ணம் போட்டு வைத்திருந்தார். அவர்கள் பணம் போடவில்லை என்றால் உரக்கடை மாடியைக் காலிசெய்ய வேண்டியதுதான் என்று எல்லாருக்கும் தெரியும்.

தெற்கே அறுவடை சீசன் ஆரம்பித்த பிறகு ஒரு நாள் காலை, துரைக்கண்ணு பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு வந்தது. போன் செய்தேன்.

"ஐயா, இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

"கயனில தண்ணி கட்டிக்கினு கீறேன் நர்ஸம்மா."

"நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிதா?"

"எனுக்கா? இல்லியே. சும்மா வரப்புல குந்தி ஒரு பீடி..."

அவ்வளவுதான். பீடி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. பீடியைப் பற்றி நான் பேசிய பேச்சில் அவர் போனைத் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் கட்டப் போயிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. 'வாட்ச் தளர்வு' என்று போட்டு மூடினேன். சேற்றில் தண்ணீர் கட்டுகிற மனிதர் கையில் அந்த வாட்ச் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கிற வேலைக்கு என்னை எடுக்கவில்லையே.

அடுத்த சில நாளிலும் அதே போல, காலை வேளையில் சிவப்பு. ஒவ்வொரு தடவையும் அவர் நன்றாகத்தான் இருந்தார். வாட்ச்தான் கெட்டுவிட்டது என்று புதுசு அனுப்பினோம். புதுசிலும் சிவப்பு. கார்த்திக் நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் சம்மணம் போட்டார்.

"அப்போ அவர் என்ன பண்ணிட்டிருந்தார்?"

"சும்மா உக்காந்துகினு இருந்தாராம்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல."

அவர் எழுந்துபோய் ஜன்னலில் எழுதினார்: 'சும்மா உட்கார்ந்தவருக்கு ஏன்?' பிறகு, "வாங்க எஸ்தர், நேர்ல போய்ப் பாக்கலாம்" என்றார்.

அவருடையது பேட்டரி ஸ்கூட்டர். துரைக்கண்ணுவின் ஊர் எல்லைக்குப் போவதற்குள் சார்ஜ் தீர்ந்தது. எதிர்காலத்தைக் கண்டுபிடிக்கிற கம்பெனியின் முதலாளி வண்டியைத் தள்ள, நான் பின்னால் ஹேண்ட்பேக்கோடு நடந்தேன். அந்த ஊர் டீக்கடை பெஞ்சில் துரைக்கண்ணுவே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வாட்ச் கட்டிவிட வந்தவர்கள் என்று எங்களை அடையாளம் கண்டு, "இன்னா நர்ஸம்மா, வண்டி மக்கர் பண்ணிக்கிச்சா" என்று சிரித்தார்.

அப்போது கார்த்திக்கின் செல்போன் அலறியது. திரையில் சிவப்பு. துரைக்கண்ணு, ஆண், எழுபது. துடிப்பு ஆபத்தான வேகத்தில் ஓடுகிறது என்றது செல்போன். எங்கள் எதிரில் துரைக்கண்ணு டீயை ஊதிக்கொண்டிருந்தார். நான் செல்போனைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அவருடைய இடது கையைப் பார்த்தேன். அவர் மெதுவாக அந்தக் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"வாட்ச் எங்க ஐயா?" என்றேன்.

அவர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"திட்டமாட்டேன். சொல்லுங்க."

"மருமவ கையில கீது" என்றார். "சேத்துல எறங்கினா கெட்டுப்பூடும்னு கயட்டிடுவேன். கயட்டினா நீ போன் பண்ணிடுவ. வூடே பேஜாராப்பூடும். அதான் யாராவது மாட்டிக்கினு இருப்போம். முன்ன பையன் மாட்டிக்கினு இருந்தான். அவன் அறுப்பு மெஷின் ஓட்ட தஞ்சாவூர் பக்கம் பூட்டான். இப்போ செல்விதான்."

எங்கள் கம்பெனி வண்ணம் போட்டு வைத்திருந்த அதிசய இதயம் அவருடைய மகன் குமாருடையது. இருபத்தெட்டு வயசுப் பையன். ஒழுங்காக அடிக்காமல் என்ன செய்யும்?

"செல்வி எங்க?" என்று கேட்டது கார்த்திக். அவருக்கு அந்தக் கோடு போனதைப் பற்றி நினைப்பே இல்லை. எனக்கு இருந்தது, வெட்கக்கேடு. என் நட்சத்திரம் கண்முன் வந்துபோயிற்று.

"பால் ஊத்த சொசைட்டிக்குப் போயிக்கிது."

கார்த்திக் ஓடினார். நானும் ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். வேகமாக நடந்தேன். சொசைட்டிக்குப் போகிற வழியில் வாய்க்காலைக் கடக்கிற ஒரு கல்வெர்ட்டுச் சுவர் மேல் செல்வி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பால் கேன். ஐந்து மாத வயிறு. கையில் எங்கள் வாட்ச். உதடு நிறம் மாறியிருந்தது. என்னைப் பார்த்ததும் அந்த நிலையிலும் எழுந்து நிற்கப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. செத்த நேரம் குந்திக்கினு இருந்தா சரியாப்பூடும். தெனிக்கும் அப்டித்தான்" என்றாள். அதைச் சொல்வதற்குள் அவளுக்கு மூச்சு மூன்று முறை அறுந்தது.

நாடியைப் பிடித்தேன். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் சம்பந்தமே இல்லை. கார்த்திக் ஆம்புலன்ஸுக்குப் பேசினார். இடம் சொல்லத் தெரியாமல் தடுமாறி, போனைப் பின்னாலேயே வந்த துரைக்கண்ணுவிடம் கொடுத்தார். நான் செல்வியை நிமிர்ந்து சாய்ந்து உட்காரவைத்து என் தோளைக் கொடுத்தேன்.

"மாமா மேல கோச்சிக்காதீங்கக்கா" என்றாள். "மின்ன எங்க வூட்டுக்காரர், அவர் போனப்புறம் நான்னு நாங்களாத்தான் கட்டிக்கினோம்."

"பேசாத. மூச்சு எப்போலேர்ந்து வாங்குது உனக்கு?"

"கண்ணாலத்துக்கு மின்னயே கொஞ்சம் இருந்திச்சி. மாசமானப்புறம் ஜாஸ்தி."

"யாராண்டையாவது சொன்னியா?"

"யாரும் கேக்கலக்கா."

மாசமாக இருக்கிற பெண்ணுக்கு மூச்சு வாங்குவது சகஜம் என்று அந்த வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவள் கையிலிருந்த வாட்ச் ஒன்றுதான் அதை நம்பவில்லை. அது நாள் தவறாமல் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நானோ ஒரு கிழவரின் பீடியைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அழுதேன். கார்த்திக் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அது மார்க்கர் மை துடைத்த கைக்குட்டை. ஆம்புலன்ஸில் ஏறியபோது என் முகம் நீலமாக இருந்ததால் நர்ஸ் பையன் முதலில் என்னைப் படுக்கச் சொன்னான்.

செல்விக்கு இதய வால்வு சுருங்கியிருந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சலின் மிச்சம் என்றார்கள். செங்கல்பட்டில் பார்த்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே தொடை வழியாக பலூன் விட்டு வால்வை விரித்தார்கள். இன்னும் சில வாரம் போயிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று அந்த டாக்டர் குமாரிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். அவன் மெஷினை அப்படியே வயலில் விட்டுவிட்டு வந்திருந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களாலதாங்க்கா" என்றான். நான் அவனுக்கு டீ வாங்கிவரப் போனேன். பாராட்டை வாங்கிக்கொள்ளாமல் நான் நகர்ந்தது அதுதான் முதல் தடவை என்று என் கணவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள். கார்த்திக் அந்த வண்ணக் கோட்டை எடுத்துவிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னார். அப்புறம், அப்புறம் என்று அவர்களும் கேட்டார்கள். கடைசியில் அவர்களில் ஒருவர், அப்படியானால் ஒரே வாட்சைக் குடும்பத்துக்கே விற்கலாமே என்றார். அந்த யோசனைக்குத்தான் பணம் வந்தது. உலகம் இப்படித்தான் நடக்கிறது, நான் என்ன செய்ய?

போனில் என்ன கேட்பது என்பதை மாற்றச் சொல்லி கார்த்திக் கேட்டார். பணம் வந்ததும் திறந்த சென்னை ஆபீஸிலிருந்து ஒருவர் 'பயனரின் அடையாளத்தை உறுதிசெய்க' என்று எழுதி அனுப்பினார். அப்படிக் கேட்டால் துரைக்கண்ணு ரேஷன் கார்டைத் தேடுவார் என்று சொன்னேன். நானே எழுதிக்கொடுத்தேன். முதல் கேள்வி: இப்போ வாட்ச் யார் கையில கீது? இரண்டாவது: அவங்களுக்கு மூச்சு எப்டி கீது? கார்த்திக் இரண்டையும் ஜன்னலில் எழுதினார். அந்த எழுத்தை யாரும் அழிக்கவில்லை.

தீபிகாவிடம் சொல்லி முடித்ததும், "அந்த வரி இருக்கட்டும் மேடம்" என்றாள். என் குரலை ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்தார்கள். கம்பெனிக்கு உழைத்த மரியாதைக்கு எனக்கே ஒரு வாட்சும் அனுப்பினார்கள். எனக்கும் பிரஷர் வந்துவிட்டதால் கட்டிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வடைக்கு மாவு தட்ட உட்கார்ந்தேன். வாட்சில் மாவு படும். கழற்றி வைத்தால் போன் வரும். என் குரலிலேயே நான் திட்டு வாங்க வேண்டும். பக்கத்தில் என் கணவர் சும்மாதான் இருந்தார். அவர் கையில் மாட்டிவிட்டேன். ஆமாம், நானேதான். அவர் மொட்டை மாடிக்குப் போய்க் காயப்போட்ட மிளகாயை வாரிக்கொண்டு இறங்கி வந்து பேப்பரோடு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. கையெல்லாம் மாவு என்பதால் அவரே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"இப்போ வாட்ச் யார் கையில கீது?" என்றது என் குரல்.

"இன்னா இது, அதுக்குள்ளயும் நீயா" என்றார் அவர்.

'என் கையிலதான்' என்ற பொய் வாய் வரைக்கும் வந்துவிட்டது. கல்வெர்ட்டு மேல் உட்கார்ந்திருந்த செல்வி நினைவுக்கு வந்தாள்.

"எங்க வூட்டுக்காரர் கையில" என்றேன்.

"அவங்களுக்கு மூச்சு எப்டி கீது?"

அவரைத் திரும்பிப் பார்த்தேன். ஊரில் உள்ளவர்களை எல்லாம் இந்தக் கேள்வி கேட்டிருக்கிறேன்.

"ஏங்க, மூச்சு கீச்சு வாங்குதா உங்களுக்கு?"

அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்தார். "கொஞ்ச நாளா மாடி ஏறி எறங்கினா வாங்குது" என்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"

போனில் என் குரல் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தேன். மாவுக் கையோடேயே அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்க உட்கார்ந்தேன்.